உண்ணாத உணவுக்கும் விலை: அமெரிக்கப் பல்கலைக்கழக உணவுத் திட்டங்கள் பற்றிய ஒரு விமரிசனம்

ஐக்கிய அமெரிக்காவின் பல்கலைக்கழக வளாகங்களில் ஆண்டுதோறும் ஏப்ரல் இறுதியிலும் மே முற்பகுதியிலும் விந்தையானதொரு காட்சியைக் காணலாம். பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருக்க வேண்டிய மாணவர் வளாகத்துக் கடைகளின் முன் வரிசையில் நிற்பர். போத்தல் தண்ணீரைப் பெட்டி பெட்டியாக வாங்குவர். இனிப்புப் பண்டங்களையும் பொரியற் பொதிகளையும் கை கொள்ளாது சுமந்து செல்வர். அவர்கள் பசித்து வாங்குபவரல்லர். தம் அடையாள அட்டையில் எஞ்சியிருக்கும் உணவுப் பணம் கல்வியாண்டின் இறுதி நாளோடு செல்லாக்காசாகிவிடும் என்பதனாலேயே வாங்குகின்றனர். அதே வளாகத்தின் இன்னொரு மூலையில், பெரும்பாலும் கண்ணிற் படாத ஓரிடத்தில், உணவுப் பொருள்களை இலவசமாக வழங்கும் அறையொன்று இருக்கும். அங்கும் ஒரு வரிசை நிற்கும். அவர்களோ அடுத்த வேளைக்கு வழியற்ற மாணவர்.

இவ்விரு வரிசைகளும் தற்செயலாக அடுத்தடுத்து அமைந்தவையல்ல. உணவை மாணவரின் தேவையாகக் கொள்ளாது நிறுவனத்தின் வருவாயாகக் கொள்ளும் ஒரே நோக்கிலிருந்து பிறந்தவை அவை. அந்நோக்கின் நிறுவன வடிவமே அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கட்டாய உணவுத் திட்டம். வசதி என்றும் பாதுகாப்பு என்றும் சமூக வாழ்வு என்றும் அதற்குச் சூட்டப்படும் பெயர்கள் பல. உண்மையில் அது, கடன்பட்டுப் படிக்கும் இளைஞரிடமிருந்து உண்ணாத உணவுக்கும் விலை அறவிடும் ஒரு முறை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கடல் கடந்த நாடொன்றின் சாப்பாட்டுக் கணக்கு எமக்கு எதற்கு எனச் சிலர் வினவலாம். எமது நாட்டிலிருந்து ஆண்டுதோறும் இளைஞர் பலர் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்கின்றனர். காணியை ஈடுவைத்தும் உறவினரிடம் கடன்பட்டும் அனுப்பப்படுவோர் அவருட் பலர். அவர்கள் கையொப்பமிடும் விடுதி ஒப்பந்தத்திலேயே உணவுத் திட்டமும் பிணைக்கப்பட்டிருப்பதை அங்கு சென்றிறங்கிய பின்னரே அறிகின்றனர். அட்டையால் நடக்கும் கொடுக்கல் வாங்கல் யாவும் முன்னேற்றமே என்னும் மயக்கம் எம்மிடையேயும் பரவிவரும் இக்காலத்தில், அம்முன்னேற்றத்தின் உள்ளடக்கத்தை ஆராய்தல் வேண்டாத வேலையன்று.

1. திட்டத்தின் அமைப்பு

உணவுத் திட்டங்கள் பல்வேறு பெயர்களில் விற்கப்படினும் அவற்றை நான்கு வகையுள் அடக்கலாம். முதலாவது, வாரத்துக்கு இத்தனை வேளை எனக் கணக்கிட்டுத் தருவது. பத்து, பதினான்கு, பத்தொன்பது என எண்ணிக்கை வேறுபடும். ஒவ்வொரு முறையும் உணவு மண்டபத்தின் வாயிலில் அட்டையை இழுத்ததும் ஒரு வேளை குறையும். வார இறுதியில் எஞ்சிய வேளைகள் அழிந்துவிடும்; அடுத்த வாரத்துக்குச் செல்லா. இரண்டாவது, அரையாண்டு முழுவதற்கும் நூற்றைம்பது, இருநூறு என மொத்தமாக வேளைகளைத் தருவது. இங்கு மிகுதி அழிவது அரையாண்டின் முடிவில். மூன்றாவது, மண்டபத்துள் எத்தனை முறையும் நுழையலாம் என்னும் வரையறையற்ற திட்டம். நான்காவது, அட்டையில் ஒரு தொகையை முற்பணமாக ஏற்றிவைத்து, வளாகத்திலுள்ள கோப்பிக் கடை, சிற்றுண்டிச்சாலை முதலியவற்றில் வாங்குந்தோறும் அது குறைந்து செல்லும் முறை. இதனை உணவு டொலர் என்பர். பெரும்பாலான இடங்களில் முதல் மூன்றில் ஒன்றும் நான்காவதும் சேர்த்தே ஒரே பொதியாக விற்கப்படுகின்றன.

உணவு டொலர் முதல் அரையாண்டிலிருந்து இரண்டாம் அரையாண்டுக்குச் செல்லப் பல இடங்களில் அனுமதிக்கப்படுகின்றது. ஆண்டு முடிந்ததும் பறிமுதலாகின்றது. இவற்றுக்கும் அப்பால், மாணவர் தாமாக விரும்பி ஏற்றிவைக்கும் வளாகப் பணம் என ஒன்றுண்டு. சலவை இயந்திரத்துக்கும் அச்சுப் பிரதிக்கும் பயன்படும் இப்பணம் பொதுவாக அவ்வளவு விரைவில் இறப்பதில்லை. சில இடங்களில் கல்வி முடிந்து செல்கையில் திருப்பியும் தரப்படுகின்றது. கட்டாயமாக வாங்கப்படும் பணமே இறக்கின்றது. விரும்பி இட்ட பணம் பிழைக்கின்றது. இவ்வேறுபாட்டை வாசகர் மனத்திலிருத்துதல் நன்று.

கட்டாயம் யார் மீது? பெரும்பாலும் விடுதியில் வாழும் முதலாம் ஆண்டு மாணவர் மீது. சில இடங்களில் இரண்டாம் ஆண்டினர் மீதும், வேறு சில இடங்களில் விடுதியிலுள்ள அனைவர் மீதும். முதலாம் ஆண்டினர் விடுதியில்தான் வாழவேண்டும் என்ற விதியும் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. எனவே மாணவர் எதிர்கொள்வது இரட்டைக் கட்டாயமாகும். சமையலறையற்ற அறையில் வாழவேண்டும் என்பது முதலாவது. சமையலறை இல்லாமையால் எம்மிடமே உண்ணவேண்டும் என்பது இரண்டாவது. தானே உண்டாக்கிய இல்லாமையைக் காட்டித் தன் பண்டத்தை விற்கும் வணிகனின் தந்திரத்துக்கும் இதற்கும் வேறுபாடு யாது?

2. எண்கள் கூறுவன

இத்திட்டங்களின் விலை இடத்துக்கிடம் வேறுபடும். கணக்கை விளக்கும் பொருட்டு ஓர் எடுத்துக்காட்டை நாமே அமைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 14 வேளை தரும் திட்டமொன்றின் விலை 16 வாரங்கொண்ட ஓர் அரையாண்டுக்கு 2,688 டொலர் எனக் கொள்க. மொத்தம் 224 வேளைகள். ஒரு வேளை 12 டொலர். விளம்பரத் துண்டில் அச்சிடப்படுவது இந்தப் 12 டொலரே.

ஆனால் மாணவர் ஒருவரின் வாரம் விளம்பரத் துண்டைப் போன்றதன்று. எட்டு மணி வகுப்புக்காகக் காலை உணவு தவறும். ஆய்வுகூடத்திலிருந்து மீள்கையில் மண்டபம் மூடியிருக்கும். பகுதிநேர வேலை செய்பவர் மாலை உணவை இழப்பர். நோன்பிருப்பவர் பகலுணவை இழப்பர். மரக்கறி மட்டும் உண்பவர் பல வேளைகளில் பாணோடும் இலைக்கறியோடும் திரும்பி வருவர். இவ்வாறு வாரத்துக்குப் பத்து வேளையே உண்ணும் மாணவர் ஒருவர் அரையாண்டில் உண்பது 160 வேளை. இழப்பது 64 வேளை. அதன் பெறுமதி 768 டொலர். அவர் உண்மையில் உண்ட ஒரு வேளையின் விலை 12 டொலரன்று; 16 டொலர் 80 சதமாகும்.

சிறிய திட்டத்தைத் தெரிவதுதானே எனலாம். சிறிய திட்டங்களில் ஒரு வேளைக்கான விலை பொதுவாக அதிகமாகவே வைக்கப்படுகின்றது. மேலும் முதலாம் ஆண்டினருக்குச் சிறிய திட்டம் பல இடங்களில் மறுக்கப்படுகின்றது. கூடுதலாக வாங்கினால் வீணாகும். குறைவாக வாங்கினால் வேளைக்கு விலை ஏறும். இரு பக்கமும் வாங்குபவருக்கே நட்டம் நேருமாறு அமைந்த தராசு இது.

இப்பணம் எங்கிருந்து வருகின்றது என்பதே இவ்விடயத்தின் கசப்பான பகுதி. அமெரிக்க மாணவர் பலர் மத்திய அரசின் கல்விக் கடனில் படிக்கின்றனர். அக்கடன் முதலில் மாணவரின் கைக்கு வருவதில்லை. பல்கலைக்கழகத்தின் கணக்கில் வரவு வைக்கப்பட்டு, கல்விக் கட்டணம், விடுதி, உணவு ஆகியன கழிக்கப்பட்ட பின் மிகுதி இருப்பின் மட்டுமே அவரைச் சேர்கின்றது. 2024-25 கல்வியாண்டில் இளமாணி மாணவருக்கான மத்திய நேரடிக் கடனின் வட்டி 6.53 வீதம். உண்ணாத 64 வேளைக்கான 768 டொலரை அவ்வட்டியில் பத்தாண்டுத் தவணையில் மீளச் செலுத்துபவர் ஏறத்தாழ 1,048 டொலர் கொடுத்து முடிப்பார். வாயில் வைக்காத சோற்றுக்கு முப்பது வயதுவரை வட்டி கட்டுதல் என்பது இதுவே. இது ஓர் அரையாண்டின் கணக்கு மாத்திரமே என்பதை மறத்தலாகாது.

3. பணமா, துண்டா?

உணவு டொலர் என்னும் சொல்லிலேயே ஓர் ஏமாற்று உளது. டொலர் எனப்படுவது எங்கும் செல்லும், எவரிடமும் கொடுக்கலாம், சேமித்து வைக்கலாம். உணவு டொலரோ ஒரு வளாகத்தின் எல்லைக்குள், குறித்த சில கடைகளில், குறித்த நாள்வரை மட்டுமே செல்லும். இன்னொருவருக்குக் கொடுத்தல் பல இடங்களில் விதிமீறல். இதனைப் பணம் என்பதிலும் துண்டு என்பதே பொருந்தும்.

இத்தகைய துண்டுக்கு அந்நாட்டிலேயே நீண்ட வரலாறுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அமெரிக்காவின் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் கம்பனிகள் கூலியைத் தம் சொந்தத் துண்டுகளாகவும் தகர வில்லைகளாகவும் கொடுத்தன. அவை கம்பனியின் கடையிலேயே செல்லும். விலையைத் தீர்மானித்ததும் கம்பனியே. பிரித்தானியா இம்முறையைக் கட்டுப்படுத்த 1831 ஆம் ஆண்டிலேயே சட்டமியற்றித் தொழிலாளருக்குக் கூலி நாணயமாகவே கொடுக்கப்படல் வேண்டுமென விதித்தது. அமெரிக்காவில் 1938 ஆம் ஆண்டின் நியாயத் தொழில் நியமச் சட்டத்தின் கீழ், குறைந்தபட்சக் கூலியைத் துண்டாகக் கொடுத்தல் ஏற்கப்படுவதில்லை. இலங்கையின் மலையகத் தோட்டங்களிலும் அரிசியைத் தோட்ட நிர்வாகமே வழங்கி அதன் விலையைத் தொழிலாளரின் கூலியிற் கழித்த வரலாற்றை நாம் அறிவோம். உணவு கொடுப்பவனும் கணக்கெழுதுபவனும் ஒருவனாகவே இருக்குமிடத்து உண்பவன் என்றும் கடனாளியாகவே இருப்பான் என்பது அவ்வரலாற்றின் பாடம்.

சுரங்கத் தொழிலாளிக்கும் பல்கலைக்கழக மாணவருக்கும் ஒப்புமை கூறுதல் மிகையென்று சிலர் கருதலாம். நிலைமைகள் ஒன்றல்ல என்பதை ஏற்கின்றோம். மாணவரின் வாழ்வு சுரங்கத்துள் கழிவதன்று. எனினும் பொறிமுறை ஒன்றே. முழுமையான பணத்தைக் கொடுத்து, குறைபாடுடைய பணத்தை வாங்குகின்றார் மாணவர். சுரங்கக் கம்பனியின் துண்டுக்குக்கூட அரையாண்டு முடிவில் மரணம் விதிக்கப்படவில்லை.

அங்காடியில் விற்கப்படும் அன்பளிப்பு அட்டைக்கு அந்நாட்டுச் சட்டம் தரும் பாதுகாப்பை இதனோடு ஒப்பிடுக. 2009 ஆம் ஆண்டின் மத்திய சட்டமொன்று அன்பளிப்பு அட்டையிலுள்ள பணம் ஐந்து ஆண்டுக்கு முன் காலாவதியாதலைத் தடுக்கின்றது. பிறந்தநாளுக்கு அத்தை கொடுத்த சப்பாத்துக் கடை அட்டைக்கு ஐந்தாண்டு ஆயுள். கல்விக் கடனிற் பெற்ற உணவுப் பணத்துக்கு நான்கு மாதமோ ஒன்பது மாதமோ ஆயுள். அச்சட்டம் அன்பளிப்பு அட்டைகளுக்காக எழுதப்பட்டது. மாணவரின் சாப்பாட்டுக்காக அன்று. 2024 இல் மத்திய கல்வித் திணைக்களம் நடத்திய விதியாக்கப் பேச்சுக்களில், செலவாகாத உணவுப் பணத்தை மாணவருக்கே திருப்பித் தரவேண்டும் என்னும் யோசனை முன்வைக்கப்பட்டது. அது நடைமுறை விதியாகவில்லை.

4. இலாபம் யாருக்கு?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் உணவு மண்டபங்களைப் பல்கலைக்கழகங்கள் தாமே நடத்துவதில்லை. அவற்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்துவன பெருங்கம்பனிகள். அவற்றுள் மூன்று முதன்மையானவை. 1959 இல் தானியங்கி விற்பனை இயந்திரங்களை நடத்தும் நிறுவனமாக உருவாகிப் பின் பெருகிய அமெரிக்கக் கம்பனியான அறமார்க். 1966 இல் பிரான்சின் மார்செய் நகரில் தொடங்கப்பட்ட சொடெக்ஸோ. பிரித்தானியக் கம்பனியான கொம்பஸ். கொம்பஸ் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சார்ட்வெல்ஸ் என்னும் கிளையின் பெயரால் இயங்குகின்றது. மருத்துவமனை, தொழிற்சாலை, விளையாட்டரங்கு எனப் பல துறைகளிலும் உணவு வழங்கும் உலகளாவிய முதலாளித்துவ நிறுவனங்கள் இவை. அவற்றின் பங்குதாரருக்கு மாணவரின் கல்வி பற்றிய அக்கறை இருத்தல் வேண்டுமென எதிர்பார்ப்பது பேதைமை. குறை அவற்றினது மட்டுமன்று. அவற்றோடு கைகோத்த பல்கலைக்கழக நிர்வாகங்களினதுமாகும்.

குத்தகை நடைபெறும் விதத்தை நோக்குவோம். பத்தாண்டு, பதினைந்தாண்டு எனச் செல்லும் ஒப்பந்தத்தைப் பெறும்பொருட்டுக் கம்பனி பெருந்தொகையொன்றை முதலீடாகப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க முன்வருகின்றது. உணவு மண்டபம் புதுப்பிக்கப்படுகின்றது. புதிய கட்டடம் எழுகின்றது. விற்பனையில் ஒரு வீதம் தரகாகவும் பல்கலைக்கழகத்தை அடைகின்றது. நிர்வாகம் இதனைக் கம்பனியின் கொடை எனப் பறைசாற்றுகின்றது. ஆனால் அது கொடையன்று. ஒப்பந்த காலம் முழுவதும் உணவுத் திட்டத்தின் விலைக்குள் ஒளிந்திருந்து மாணவரிடமிருந்து மீளப் பெறப்படும் முன்பணம் அது. ஒப்பந்தத்தை இடையில் முறிப்பின் மீளாத தொகையைப் பல்கலைக்கழகம் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்ற நிபந்தனையும் பொதுவாக இருக்கும். எனவே உணவு கெட்டாலும் விலை ஏறினாலும் கம்பனியை வெளியேற்ற நிர்வாகத்துக்குக் கை வராது. கட்டாயத் திட்டத்தின் உண்மையான தேவை இங்கேதான் பிறக்கின்றது. முதலீட்டுக்கு உத்தரவாதம் வேண்டும். உத்தரவாதத்துக்கு ஓடிவிட முடியாத வாடிக்கையாளர் வேண்டும். பதினெட்டு வயது நிரம்பிய புதுமுக மாணவரைவிட ஓடிவிட முடியாத வாடிக்கையாளர் வேறு யாவர்?

கல்விக் கட்டணத்தை உயர்த்தினால் பத்திரிகைகள் எழுதும், பெற்றோர் குரலெழுப்புவர், மாநில சட்டசபை வினவும். உணவுத் திட்டத்தின் விலை உயர்ந்தால் அது சந்தை விலையின் உயர்வு எனக் கூறித் தப்பலாம். இவ்வாறு உணவுத் தட்டு, மறைமுகக் கல்விக் கட்டணம் அறவிடும் உண்டியலாக மாற்றப்படுகின்றது.

5. மிகுதியும் பசியும்

அமெரிக்கக் காங்கிரசின் சார்பில் அரச செலவினங்களை ஆராயும் பொறுப்புக்கூறல் அலுவலகம் 2024 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2020 ஆம் ஆண்டில் அந்நாட்டின் கல்லூரி மாணவருள் 23 வீதத்தினர், அதாவது ஏறத்தாழ 38 இலட்சம் பேர், போதிய உணவுக்கு உறுதியற்ற நிலையில் இருந்தனர். உலகின் மிகப்பெரிய பொருளாதாரத்தின் உயர்கல்விக் கூடங்களில் ஏறத்தாழ நால்வருள் ஒருவரின் நிலை இது. பசித்திருப்போர் அனைவரும் உணவுத் திட்டத்துக்குட்பட்டோர் அல்லர்; விடுதிக்கு வெளியே வாழ்வோரும் சமுதாயக் கல்லூரிகளில் பயில்வோரும் அவருட் பலர். எனினும் திட்டத்துள் இருப்போரையும் பசி விட்டுவைப்பதில்லை. விடுமுறையில் மண்டபங்கள் மூடப்படுகையிலும், மொத்த வேளைகள் அரையாண்டு முடியுமுன் தீர்ந்துவிடுகையிலும் அவர்களும் பசித்திருக்கின்றனர்.

அரசின் உணவு உதவியைப் பெறலாமே எனின், அங்கும் ஒரு பூட்டு உளது. முன்னர் உணவு முத்திரை என வழங்கியதும், 1979 இல் எம்நாட்டிலும் அப்பெயராலேயே ஒரு திட்டம் தொடங்கக் காரணமான சிந்தனையோடு உறவுடையதுமான அவ்வுதவி, மாணவருக்கு எளிதிற் கிட்டுவதில்லை. அரைநேரமோ அதற்கு மேலோ பயிலும் மாணவர், வாரத்துக்கு 20 மணிநேரம் வேலை செய்தல் போன்ற விதிவிலக்கு ஒன்றினுள் அடங்கினாலன்றி அதற்குத் தகுதியுடையரல்லர். அவ்விலக்கு இருப்பினும், உணவுத் திட்டத்தின் மூலம் பாதிக்கு மேற்பட்ட வேளைகளைப் பெறுபவர் தகுதியை இழப்பர். அத்திட்டம் கட்டாயத்தால் வாங்கப்பட்டதா, விருப்பத்தால் வாங்கப்பட்டதா என்பது கணக்கில் கொள்ளப்படுவதில்லை. கடன்பட்டு வாங்கிய கட்டாயத் திட்டமே இலவச உதவிக்குத் தடையாகும் விந்தை இது. தகுதியுடையோராயிருக்கக்கூடிய மாணவருள் பெரும்பான்மையினர் உதவியைப் பெறவில்லை என்பதையும் அதே அறிக்கை காட்டுகின்றது.

இம்முரண்பாட்டை முதலில் கண்டுகொண்டவர் மாணவரே. 2010 இல் லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் மாணவர் சிலர், தமது அட்டையில் எஞ்சிய வேளைகளைப் பசித்தோருக்கு வழங்கும் முயற்சியைத் தொடங்கினர். அது பின்னர் நாடளாவிய இயக்கமாக வளர்ந்தது. 2017 நவம்பரில் அத்லாந்தா நகரின் ஸ்பெல்மன், மோர்ஹவுஸ் ஆகிய கறுப்பினக் கல்லூரிகள் இரண்டின் மாணவர், செலவாகாத வேளைகளைப் பசித்திருக்கும் சக மாணவருக்கு வழங்க அனுமதி கோரி உண்ணாவிரதமிருந்தனர். தாம் விலை கொடுத்து வாங்கிய உணவைத் தம் தோழருக்குக் கொடுப்பதற்கு அனுமதி வேண்டிப் பட்டினி கிடக்க நேர்ந்ததெனில், அவ்வுணவு எவ்வளவு தூரம் அவர்களுடையதாக இருந்தது என்பதை வாசகரே தீர்மானிக்க. நிர்வாகங்கள் இறுதியில் இணங்கின.

இத்தான முயற்சிகளை நாம் மதிக்கின்றோம். ஆனால் அவை தீர்வாகா. மாணவரிடம் மிகையாக அறவிட்டதில் ஒரு சிறு பகுதியை, மாணவரின் பெயரால், மாணவருக்கே தானமளிப்பதை அனுமதித்த நிறுவனம் தன்னைக் கொடைவள்ளலாகக் காட்டிக்கொள்கின்றது. பல இடங்களில் ஒரு மாணவர் வழங்கக்கூடிய வேளைகளின் எண்ணிக்கைக்கும் வரம்பிடப்படுகின்றது. மணிமேகலையின் அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாதது. இவ்வட்டையோ எடுக்காவிடினும் குறைவது.

6. மாற்றார் கூற்றுகள்

இத்திட்டத்தை ஆதரிப்போரின் வாதங்களைப் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. அவற்றுள் மூன்று கவனத்துக்குரியவை.

முதலாவது, நிலையான செலவு பற்றியது. பத்துப் பேர் வந்தாலும் ஆயிரம் பேர் வந்தாலும் சமையற்காரருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், மின்சாரக் கட்டணம் செலுத்த வேண்டும், ஆகவே உறுதியான வருவாய் தேவை என்பர். இது உண்மையே. ஆயின் அச்செலவை அதன் பெயராலேயே அறவிடலாமே. மண்டபப் பராமரிப்புக்கு இவ்வளவு, உணவுக்கு இவ்வளவு என வேறுபடுத்திக் காட்டி, உண்ட உணவுக்கு மட்டும் உணவு விலையை அறவிட்டால் எவரும் குறைகூறார். இரண்டையும் ஒன்றாய்க் குழைத்து வேளை விலை என்று பெயரிடுவதே எமது ஆட்சேபனை.

இரண்டாவது வாதம் நுட்பமானது. எல்லா வேளைகளும் உண்ணப்படா என்பதை அறிந்தே விலை நிர்ணயிக்கப்படுகின்றது. தவறும் வேளைகளின் பெறுமதி ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது. அனைவரும் முழுமையாக உண்டால் விலை ஏறும் என்பது அது. இவ்வாதம் குற்றச்சாட்டை மறுக்கவில்லை, ஒப்புக்கொள்கின்றது. தவறவிடுவோர் கொடுத்த பணமே முழுமையாக உண்போரின் விலையைக் குறைக்கின்றது என்பதே அதன் பொருள். தவறவிடுவோர் யாவர்? வேலைக்குச் செல்லும் வறிய மாணவர், நோன்பிருப்போர், நோயுற்றோர், தம் உணவு மரபுக்கேற்றது மண்டபத்தில் கிடைக்கப்பெறாத வெளிநாட்டு மாணவர். நேரமும் வசதியும் உடையோரின் தட்டை, நேரமற்றோரின் பணத்தால் நிரப்பும் ஏற்பாட்டை நீதி எனக் கூறல் எங்ஙனம்?

மூன்றாவது, ஒன்றாயிருந்து உண்ணுதல் கல்வியின் ஒரு பகுதி என்பது. பந்தியில் அருகமர்ந்து உண்பதன் பண்பாட்டுப் பெறுமதியை எமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் பந்திக்கு அழைப்பவன் வாயிலில் அட்டையை இழுத்து எண்ணுவதில்லை. மேலும் வரிசையில் நின்று, விரைந்துண்டு, எழுந்தோடும் மண்டபத்தில் நட்பு மலர்கின்றது எனில், அது கட்டாயத்தால் மலர்வதன்று; நல்ல உணவாலும் நியாயமான விலையாலும் மலரக்கூடியது. அமர்ஸ்ற்றிலுள்ள மசாசூசெற்ஸ் பல்கலைக்கழகம் தன் உணவுச் சேவையைக் கம்பனிக்குக் கொடாது தானே நடத்துகின்றது. வளாக உணவுக்கான நாடளாவிய தரவரிசையொன்றில் அது 2016 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து முதலிடம் பெற்றது. அங்கும் உணவுத் திட்டம் உண்டு என்பதை மறைக்கவில்லை. எனினும் குத்தகைக் கம்பனி இன்றி நல்லுணவு இயலாது என்னும் கூற்றைப் பொய்ப்பிக்க அது போதும்.

7. கலகங்களும் கோரிக்கைகளும்

கட்டாய உணவுக்கு எதிரான போராட்டம் புதியதன்று. 1766 இல் ஹார்வார்ட் கல்லூரியில் கெட்டுப்போன வெண்ணெயை எதிர்த்து மாணவர் எழுந்தனர். எழுத்தாளர் தோரோவின் பாட்டனாரே அக்கலகத்தின் முன்னணியில் நின்றவர். 1828 இல் யேல் கல்லூரியில் பாணுக்கும் வெண்ணெய்க்குமாக ஒரு கலகம் மூண்டது. 1852 இல் தென் கரோலினாக் கல்லூரி மாணவர், பொது உணவு மண்டபத்தில் கட்டாயமாக உண்ணவேண்டும் என்ற விதியையே நீக்குமாறு கோரினர். மறுக்கப்பட்டதும் பெருந்தொகையினர் கல்லூரியை விட்டு வெளியேறினர். அடக்கப்பட்டபோதும் அவர்கள் எழுப்பிய வினா இறக்கவில்லை: உணவைத் தெரியும் உரிமை உண்பவருடையதா, ஊட்டுபவருடையதா?

அவ்வினாவுக்கு அண்மைக் காலத்தில் சட்டம் ஒரு பகுதி விடை தந்தது. மசாசூசெற்ஸ் மாநிலத்தின் லெஸ்லி பல்கலைக்கழகத்தில் கோதுமைப் புரதம் ஒவ்வாத மாணவரும் கட்டாயத் திட்டத்துக்குப் பணம் செலுத்த வேண்டியிருந்தது. 2012 டிசம்பரில் அந்நாட்டு நீதித் திணைக்களம் அப்பல்கலைக்கழகத்தோடு செய்த இணக்கத்தின்படி, உணவு ஒவ்வாமையுடைய மாணவருக்கு ஏற்ற உணவு வழங்கவும், தேவையானவிடத்து அவர்களைக் கட்டாயத்திலிருந்து விலக்கவும், 50,000 டொலர் இழப்பீடு வழங்கவும் பல்கலைக்கழகம் உடன்பட்டது. உண்ண முடியாத உணவுக்கு விலை கேட்டல் அநீதி என்பது அங்கு ஏற்கப்பட்டது. உண்ணாத உணவுக்கு விலை கேட்டல் நீதியாவது எவ்வாறு?

மாணவரின் கோரிக்கைகள் எவையாதல் வேண்டும்? செலவாகாத உணவுப் பணம் முழுமையாகத் திருப்பித் தரப்படல் வேண்டும். கடனிற் பெற்றதாயின் கடனிற் கழிக்கப்படல் வேண்டும். எஞ்சிய வேளைகள் அடுத்த வாரத்துக்கும் அடுத்த அரையாண்டுக்கும் செல்லவேண்டும். நோயாலோ சமயத்தாலோ தொழிலாலோ மண்டபத்தில் உண்ண இயலாதோருக்கு, இரந்து நிற்காது விலகும் உரிமை வேண்டும். கம்பனியோடு செய்யப்படும் ஒப்பந்தமும், அதிலுள்ள முதலீடும், தரகும் மாணவர் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். இவற்றுள் எதுவும் புரட்சியன்று. சந்தைக்குச் செல்லும் சாதாரண மனிதர் ஒவ்வொருவரும் நாள்தோறும் அனுபவிக்கும் உரிமைகளே இவை.

அங்கு செல்லவிருக்கும் எம் இளைஞருக்கு ஒரு சொல். விடுதி ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் உணவுத் திட்டம் கட்டாயமா என வினவுங்கள். கட்டாயமெனின் அனுமதிக்கப்படும் மிகச் சிறிய திட்டத்தின் விலையை, நீங்கள் உண்மையில் உண்ணக்கூடிய வேளைகளால் வகுத்துப் பாருங்கள். விளம்பரத்திலுள்ள எண்ணிக்கையால் வகுக்காதீர்கள். திட்டத்தை மாற்றக்கூடிய இறுதி நாள் அரையாண்டின் தொடக்க வாரங்களிலேயே கடந்துவிடும், அந்நாளைக் குறித்துவையுங்கள். மேற்பட்டப்படிப்பு மாணவர் மீது இக்கட்டாயம் பெரும்பாலும் இல்லை. இருப்பதாக எண்ணி ஏமாறாதீர்கள்.

எமது விடுதிச் சிற்றுண்டிச்சாலைகளில் குறைகள் ஆயிரம் உண்டு. பருப்பில் தண்ணீர் மிகுதி. சோற்றிற் கல்லும் உண்டு. ஆயினும் நாம் உண்ட பின்னரே காசு கொடுக்கின்றோம். உண்ணாத நாளில் காசு எம் சட்டைப்பையில் இருக்கின்றது. பளபளக்கும் மண்டபத்தையும் ஓர் அட்டையையும் காட்டி இச்சிறிய உரிமையை எவரேனும் விலைக்குக் கேட்கும் நாள் வரின், அந்த மே மாத வரிசைகள் இரண்டையும் நினைவில் கொண்டு விடையளிப்போமாக.